கிஸ்மிஸும் இயற்கைதான்

இந்த வாரம் ஒரு திருத்தத்தோடு தொடங்க வேண்டியிருக்கிறது.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு காலை நிகழ்ச்சியில் செல்லப்பிராணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நாய்க்கு என்ன தின்பண்டம் வாங்கலாம் என்று ஒரு நேயர் அழைத்துக் கேட்டார். நானும் அதிகம் யோசிக்காமல், "ரசாயனம் இல்லாத, இயற்கையான பொருளாப் பார்த்துக் குடுங்க. முடிஞ்சா வீட்டுலேயே செஞ்சு குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். மொத்தமே நாற்பது வினாடிதான் இருக்கும்.

அன்று செனாயில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

அப்பா போன பிறகு செனாய் வீட்டில் அம்மாவும் கோப்பியும் மட்டும்தான். கோப்பி ஒன்பது கிலோ எடையுள்ள நாட்டு நாய். பெயர் அவன் நிறத்தைப் பார்த்து வைத்தது. விமான நிலையத்துக்கு வரும் விமானம் தாமானுக்கு மேலே தாழப் பறந்தால் வாசலில் நின்று குரைத்து விரட்டுவான். விமானம் போனதும் தன்னால்தான் போனது என்று நினைத்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்ப்பான். அம்மா கைத்தட்டுவார். நான் கோலாலம்பூரில் இருந்துகொண்டு மாதம் ஒரு முறை அவனுக்குப் பொட்டலம் அனுப்புவேன். பச்சை இலை படம் போட்ட, "நூறு விழுக்காடு இயற்கை" என்று எழுதிய, விலையைச் சொன்னால் அம்மா திட்டுகிற பொட்டலங்கள்.

தீபாவளி முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மாவின் அழைப்பு வந்தது.

"கோப்பி ராத்திரியிலேர்ந்து வாந்தி எடுக்குறான்டி. தண்ணிகூட குடிக்க மாட்டேங்கறான்."

"என்னம்மா குடுத்தீங்க? கடையில ஏதாச்சும் வாங்கிக் குடுத்தீங்களா?"

"கடை சாமான் ஒண்ணுமே குடுக்கல. நீதானே ரேடியோவுல சொன்ன, வீட்டுல செஞ்சதைக் குடுன்னு. கேசரிதான் குடுத்தேன். நெய்கூட நல்ல நெய்."

பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "திராட்சை, கிஸ்மிஸ் ஏதாவது சாப்பிட்டானா?" என்பது. அம்மாவுக்கு கேசரி பிடிக்கும், அதிலுள்ள கிஸ்மிஸ் பிடிக்காது. தட்டில் ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பிடியாகக் கோப்பியின் கிண்ணத்தில் போட்டிருக்கிறார். பண்டிகை நாளாயிற்றே என்று கிண்ணத்தில் கேசரியும் கொஞ்சம் கூடுதல்.

இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தடுமாறத் தொடங்கியிருப்பது தெரிந்தது. மூன்று நாள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். அந்த மூன்று நாளும் அம்மா சமைக்கவில்லை. தொலைபேசியில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "என் கையாலேயே குடுத்தேன்டி." கையால் கொடுத்தது அவர்தான். கொடுக்கச் சொன்னது நான்.

திராட்சையும் புளியும்

விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து, அந்த மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். மருத்துவரையும் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்தேன். "இயற்கைங்கறது மருத்துவச் சொல் இல்ல. என்ன பொருள், எவ்வளவு, எந்த உடம்புக்கு? இந்த மூணும்தான் எங்களுக்குக் கணக்கு" என்றார் அவர்.

திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பது கால்நடை மருத்துவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியும். ஏன் என்பது மட்டும் நீண்ட காலம் புதிராக இருந்தது. பூச்சிமருந்தாக இருக்குமோ, பூஞ்சையாக இருக்குமோ என்றெல்லாம் தேடினார்கள். 2021-இல் அமெரிக்க விலங்கு நச்சு மருத்துவர்கள் ஒரு விடையை முன்வைத்தார்கள். வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாய்க்குத் திராட்சை தின்ற நாய்க்கு வருகிற அதே சிறுநீரகப் பாதிப்பு வந்திருந்தது. அந்த மாவில் சேர்த்திருந்த 'கிரீம் ஆஃப் டார்டார்' என்ற பொடி டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையில் நிறைந்திருப்பதும் அதே டார்டாரிக் அமிலம். நாயின் சிறுநீரகத்தால் இந்த அமிலத்தை நம்மைப் போல வெளியேற்ற முடிவதில்லை என்பதே இப்போதைய கணிப்பு. பழத்துக்குப் பழம் இதன் அளவு மாறுவதால், ஒரு நாய் நாலு பழம் தின்று தப்பிக்கிறது, இன்னொன்று அதே நாலில் விழுகிறது. அதனால்தான் "இத்தனை பழம் வரை பரவாயில்லை" என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

அடுத்து வந்த தகவல்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. டார்டாரிக் அமிலம் மிகுந்த இன்னொரு பொருள் புளி. புளியைத் தின்ற நாய்களுக்கும் இதே சிறுநீரகப் பாதிப்பு வந்ததை மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் வருகிற 'நாய்க்குக் கொடுக்கக் கூடாதவை' பட்டியல்களில் சாக்லேட் இருக்கும், வெங்காயம் இருக்கும், மெக்கடேமியா பருப்பு இருக்கும். புளி அதிகம் இருக்காது. அந்தப் பட்டியலை எழுதுகிறவர் வீட்டில் ரசமோ, புளிக்குழம்போ, புளிச்சோறோ கிடையாது. நம் வீட்டில் அது தினமும் அடுப்பில் கொதிக்கிறது. புளிப் பொட்டலம் மேசையில் திறந்து கிடக்கிறது. அதை எழுதிச் சேர்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

"தோட்டத்து நாயெல்லாம் ரசஞ்சோறுதானே?"

இதைச் சொன்னதும் பெரியம்மா கேட்டார்: "நாங்க தோட்டத்துல இருந்தப்ப நாயெல்லாம் மீந்து போன ரசஞ்சோறு, கொழம்புச்சோறுதான் சாப்பிட்டுச்சு. ஒண்ணும் ஆவலயே?"

நியாயமான கேள்வி. ரசத்தில் இருப்பது கரைத்து நீர்த்த புளி. ஒரு கரண்டி ரசத்துக்கும் ஓர் உருண்டைப் புளிக்கும் அளவு வேறு. அதனால் நேற்று ஒரு வாய் ரசஞ்சோறு கொடுத்துவிட்டோமே என்று யாரும் பயந்துபோய் ஓட வேண்டாம். ஆனால் பெரியம்மாவிடம் நான் திருப்பி ஒன்று கேட்டேன்: "அந்த நாய்ங்க எத்தனை வருஷம் இருந்துச்சு?" பெரியம்மா யோசித்தார். "அஞ்சு, ஆறு வருஷம். அதுக்குள்ள ஒண்ணு போவும், ஒண்ணு வரும்." எதனால் போனது என்று அந்தக் காலத்தில் யாரும் இரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை. 'எளைச்சுப் போய்ச் செத்துடுச்சு' என்பதோடு முடிந்துவிடும்.

வெங்காயக் கணக்கும் இப்படித்தான். நாயின் எடையில் அரை விழுக்காட்டுக்கு மேல் வெங்காயம் ஒரே வேளையில் போனால் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும் என்பது மருத்துவ நூல்களில் உள்ள அளவு. பத்து கிலோ நாய்க்கு அது 50 கிராம், அதாவது நடுத்தரப் பெரிய வெங்காயத்தில் ஏறக்குறைய பாதி. வேக வைத்தாலும் வதக்கினாலும் அந்த நச்சு போகாது. மீந்த கோழிப் பிரட்டலின் அடியில் ஒட்டிக் கிடக்கும் வெங்காயத்தை வழித்துப் போட்டால் பாதி வெங்காயம் எளிதாகத் தாண்டிவிடும். பூண்டும் அதே குடும்பம்தான்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெந்த கோழி எலும்பு ஊசி போல் பிளக்கும். இரவுச் சந்தையில் வாங்கும் அவித்த சோளத்தின் தக்கை குடலை அடைக்கும். ரம்புத்தான் கொட்டை தொண்டையில் சிக்கும். மூன்றும் இயற்கைதான்.

பொட்டலத்தின் மேல் இருக்கும் பச்சை இலை

"அப்போ கடையிலேயே வாங்கிடலாமா?" என்று அம்மா கேட்டார். அங்கும் இலை படம் நம்மைக் காப்பாற்றுவதில்லை. நடந்த சில சம்பவங்களைப் பாருங்கள்.

2004-இல் தாய்லாந்தில் தயாரான நாய் உணவைச் சாப்பிட்டு, ஆசியாவின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. அப்போது பூஞ்சை நஞ்சு என்று கருதினார்கள். 2007-இல் வட அமெரிக்காவில் அதே மாதிரி நாய்களும் பூனைகளும் விழுந்தபோது காரணம் பிடிபட்டது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், புரத அளவைக் கூட்டிக் காட்டுவதற்காக மெலமைன் என்ற தொழிற்சாலை ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். 2004-இல் பாதிக்கப்பட்ட நாய்களின் திசுக்களைத் திரும்ப எடுத்துச் சோதித்தபோது அங்கும் மெலமைன் இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 2008-இல், சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் அதே மெலமைன் வெளிப்பட்டது. ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். நாயின் கிண்ணத்தில் தெரிந்த ஆபத்து நம் பிள்ளையின் புட்டிக்கு வர ஓராண்டுதான் ஆனது. நாய்ச் சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தியில் இவ்வளவு பேச வேண்டுமா என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அதே 2007 முதல் கோழி இறைச்சியைக் காயவைத்துச் செய்த தின்பண்டங்களைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் வரத் தொடங்கின. 2015 இறுதிக்குள் சுமார் 5,200 புகார்கள், 6,200-க்கும் மேற்பட்ட நாய்கள், 1,140-க்கும் மேற்பட்ட இறப்புகள் என்று கணக்கு நின்றது. உறுதியான ஒற்றைக் காரணம் பிடிபடவில்லை. 2013-இல் நியூயார்க் மாநிலச் சோதனையில் அத்தகைய சில பொட்டலங்களில் அனுமதியில்லாத நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சம் கிடைத்ததும் பல சரக்குகள் கடைகளிலிருந்து திரும்பப் போயின. காய்ந்த கோழித் துண்டு, பார்ப்பதற்கு அதைவிட எளிய பொருள் உண்டா?

2020 டிசம்பரில் இன்னொன்று. சோளத்தில் வளரும் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளாடாக்சின் அளவுக்கு மீறி இருந்த நாய் உணவால் 110-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அதே நிர்வாகத்துக்குத் தகவல் வந்தது. இதில் எந்தத் தொழிற்சாலை ரசாயனமும் இல்லை. பூஞ்சை தானாக வளர்ந்தது.

இந்தக் கடைசிச் சம்பவம் நம் ஊருக்கு மிக நெருக்கம். செனாயில் மழை பெய்தால் காயப்போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரம் விடாது. இந்தப் புழுக்கத்தில் 'பதனப்பொருள் சேர்க்காத' தின்பண்டம், வாய் திறந்த பொட்டலத்தில் அலமாரியில் கிடந்தால் என்ன ஆகும்? பதனப்பொருள் என்றாலே கெட்டது என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. வைட்டமின் ஈ வகையைச் சேர்ந்த டோகோஃபெரால், ரோஸ்மேரிச் சாறு போன்றவையும் கொழுப்பு கெடாமல் காக்கத்தான் சேர்க்கிறார்கள். எத்தாக்ஸிகுயின் என்ற பழைய பதனப்பொருளின் அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் நிறுத்திவைத்தது. அந்தப் பெயரைக் கண்டால் நான் பொட்டலத்தைத் திருப்பி வைத்துவிடுகிறேன்.

இப்போது கடையில் நான் பார்ப்பவை இவைதான்:

முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை, பின்பக்கம் மட்டும். உள்ளடக்கப் பட்டியல் குறுகியதாகவும், படித்தால் புரிகிற பெயர்களாகவும் இருக்க வேண்டும். வெறும் 'இறைச்சி' என்று எழுதியிருந்தால் போதாது. கோழியா, மீனா, மாடா என்று சொல்ல வேண்டும்.

தயாரித்த நாடு, தயாரிப்பாளர் முகவரி, சரக்கு எண், காலாவதி நாள். இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்குவதில்லை. கண்ணாடிச் சாடியில் கொட்டி வைத்து எடை போட்டு விற்கும் தின்பண்டத்தில் நான்குமே இருக்காது. சந்தையிலிருந்து ஏதேனும் ஒரு சரக்கைத் திரும்பப் பெறச் சொன்னால், அந்தச் சாடியில் இருப்பது அதுதானா என்று உங்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

சைலிட்டால். சீனிக்குப் பதில் சேர்க்கும் இனிப்பு இது. இ967 என்றும், 'பிர்ச் சீனி' என்றும் எழுதியிருப்பார்கள். மரத்திலிருந்து எடுத்தது என்று பெருமையாகவும் போட்டிருப்பார்கள். நமக்குத் தீங்கில்லை. நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராம் போனாலே இரத்தத்தில் சர்க்கரை சரிந்து வலிப்பு வரலாம். சீனி இல்லாத சூயிங்கம்மிலும் சிலவகை நிலக்கடலை வெண்ணெயிலும் இருக்கும். நாயின் ரப்பர் பொம்மைக்குள் நிலக்கடலை வெண்ணெய் தடவிக் கொடுப்பவர்கள் புட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

கடிக்கக் கொடுக்கும் பொருளுக்குக் கால்நடைப் பல் மருத்துவர்கள் சொல்லும் எளிய சோதனை ஒன்று உண்டு. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமும் பதியாவிட்டால் அது நாயின் பல்லைப் பிளக்கும் அளவுக்குக் கடினம். மான்கொம்பும் மாட்டுக் குளம்பும் இதில் தோற்றுவிடும். வெள்ளை வெளேரென்று முடிச்சுப் போட்ட தோல் எலும்பு இருக்கிறதே, அது தோல் பதனிடும்போது கழித்த உட்தோல். சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கி, வெளுப்பதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு போடுவதும் உண்டு. மென்று விழுங்கிய துண்டு வயிற்றில் ஊதிக் குடலை அடைக்கலாம்.

வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் இன்னொன்று. 2019-இல் அமெரிக்காவில் நாய்க்கு விற்ற காய்ந்த பன்றிக் காதோடு தொடர்புபடுத்தப்பட்ட சால்மொனெல்லா தொற்று 150-க்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு வந்தது. பச்சையாகக் காயவைத்த எந்தத் தின்பண்டத்தைக் கொடுத்தாலும் பிள்ளைகளைச் சவர்க்காரம் போட்டுக் கைகழுவச் சொல்லுங்கள்.

அம்மாவின் புதிய சமையல்

வீட்டில் செய்து கொடுப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கோப்பிக்கு இன்றைக்கும் பெரும்பாலும் வீட்டுத் தின்பண்டம்தான். நமக்குச் சமைத்ததில் பங்கு கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டோம். அவனுக்கென்று தனியாக, உப்பு, வெங்காயம், பூண்டு, புளி, சீனி எதுவும் இல்லாமல்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, அடுப்புப்பெட்டியில் 120 பாகையில் இரண்டரை, மூன்று மணி நேரம். நடுவில் ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். ஆறியதும் இழுபடுகிற மிட்டாய் மாதிரி இருக்கும். நம் காற்றில் வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். குளிர்பெட்டியில் ஒரு வாரம்தான் கணக்கு, மீதி உறைபெட்டிக்கு.

கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக்கி உறைய வைக்கலாம். கேரட், வெள்ளரி, அவித்த பூசணி, கொட்டை நீக்கிய தர்ப்பூசணி, விதை எடுத்த பப்பாளி எல்லாம் கொஞ்சமாக ஒத்துக்கொள்ளும். நெத்திலி கொடுக்க ஆசைப்படுவோர், கடையில் வாங்குவது உப்பு நீரில் அவித்துக் காயவைத்தது என்பதை மறக்க வேண்டாம். நன்றாக ஊறப்போட்டு, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிவிட்டுக் கொடுங்கள்.

அளவு? ஒரு நாளைய கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொது விதி. கோப்பி எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 முதல் 550 கலோரி. அதில் தின்பண்டத்துக்கு 50, 55. ஓர் அவித்த முட்டையே 70-ஐத் தாண்டிவிடும். அவித்த கோழி நெஞ்சுக்கறி என்றால் 30 கிராம். நடுத்தர அளவு கேரட் ஒன்று என்றால் சுமார் 25 கலோரி. "அவ்வளவுதானா? பாவம்டி" என்றார் அம்மா. ஒரு துண்டை ஆறாக வெட்டி ஆறு முறை கொடுக்கச் சொன்னேன். கோப்பிக்கு எண்ணிக்கைதான் கணக்கு, எடை தெரியாது.

கிண்ணம் முதல் கற்பூரம் வரை

தின்பண்டத்துக்கு மூளையைக் கசக்கும் நாம், அவன் நாள் முழுக்க நக்குகிற, படுக்கிற பொருள்களைப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

கிண்ணம் எவர்சில்வராக இருக்கட்டும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் பல் பட்டுக் கீறல் விழும், கீறலில் அழுக்கும் கிருமியும் தங்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கொசுவுக்காகத் தாமானில் புகையடிக்க வருகிறார்கள் என்றால் முதலில் கிண்ணத்தை உள்ளே எடுத்து வையுங்கள்.

பொம்மை வாங்கும்போது மூக்கை நம்புங்கள். புது பிளாஸ்டிக் நாற்றம் குப்பென்று அடித்தால் வேண்டாம். வாய்க்குள் முழுதாகப் போகாத அளவு, பிய்த்து எடுக்க முடியாத கண், மணி, ஊதல். அதற்குமேல் பழைய கைலியை மூன்றாகக் கிழித்துப் பின்னிய கயிறு கோப்பிக்கு இரண்டு மாதம் வரும். நூல் பிரிந்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

தரை துடைக்கும் திரவத்தில் ஃபீனால் வகையோ, பென்ஸால்கோனியம் குளோரைடோ இருந்தால், ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கும் நாய்க்கு வாய் புண்ணாகலாம். சொன்ன அளவுக்கு நீர் கலந்து துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் ஒரு முறை துடைத்து, காயும்வரை அவனை வெளியே விடுங்கள். அவ்வளவு போதும்.

உண்ணிக்குத்தான் நம் மக்கள் 'இயற்கை வைத்தியத்தில்' இறங்குகிறார்கள். டீ ட்ரீ எண்ணெய் என்று ஒரு சிறு புட்டி எல்லா மருந்தகத்திலும் கிடைக்கிறது. செடியில் எடுத்ததுதான். நீர்க்காத அந்த எண்ணெயால் நாய், பூனைகள் நச்சுக்கு ஆளான 443 சம்பவங்களை, 2002 முதல் 2012 வரையான அமெரிக்கப் பதிவுகளிலிருந்து தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். தள்ளாட்டம், நடுக்கம், எழ முடியாத சோர்வு. கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துத் தடவுவதும் வேண்டாம். நக்கி உள்ளே போனால் வலிப்பு வரை போகும். பூசைத் தட்டையும், துணி அலமாரி அந்துருண்டையையும் எட்டாத இடத்தில் வையுங்கள். தோட்டத்தில் சொறிநாய்க்குத் தடவிய வண்டியின் கறுப்பெண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் தோலையே எரித்துவிடும். இந்த ஒரு விஷயத்தில், எடை பார்த்து மருத்துவர் தருகிற உண்ணி மருந்து, அது ரசாயனமே ஆனாலும், புட்டிக்குள் இருக்கும் 'இயற்கை'யைவிடப் பாதுகாப்பானது. பூனையும் இருக்கும் வீட்டில் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது பூனையைக் கொன்றுவிடும்.

தப்பித் தின்றுவிட்டால்

உப்புக் கரைசல் புகட்டாதீர்கள். அந்த உப்பே உயிருக்கு ஆபத்து. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் ஊற்றிக் காத்திருக்காதீர்கள். என்ன தின்றான், எவ்வளவு, எப்போது, அவன் எடை என்ன என்ற நாலு தகவலோடு உடனே மருத்துவரை அழையுங்கள். பொட்டலம் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். திராட்சை தின்று இரண்டு மணி நேரத்துக்குள் போனால் வாந்தி எடுக்க வைத்தே பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம் என்றார் மருத்துவர். இரவு முழுக்க, 'காலையில சரியாயிடும்' என்று காத்திருந்ததுதான் எங்கள் தவறு.

கோப்பி பிழைத்துவிட்டான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிறுநீரகப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அம்மா அதற்குப் பிறகு பல நாள் அவனுக்குக் கையால் எதுவும் கொடுக்கவில்லை. மருத்துவர் கொடுத்த உணவைக் கரண்டியில் எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார். அவன் வழக்கம் போல வந்து கையை முகர்வான். அம்மா கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். இடப்பக்கம் 'கூடாது': கிஸ்மிஸ், திராட்சை, புளி, வெங்காயம், பூண்டு, சாக்லேட், சீனியில்லா இனிப்பு, வெந்த எலும்பு. வலப்பக்கம் 'கொடுக்கலாம்', ஒவ்வொன்றுக்கும் அளவோடு. கீழே மருத்துவரின் எண், இரவு எண் இரண்டும். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினோம். அம்மா தாளை ஒரு முறை மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு கதவைத் திறந்து ஒரு கிழங்குத் துண்டை எடுத்து, ஆறாக வெட்டி, முதல் துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

அந்த வாரமே காலை நிகழ்ச்சியில், நாற்பது வினாடியில் சொன்னதை நாலு நிமிடத்தில் திருத்திச் சொன்னேன். நிகழ்ச்சி முடிந்ததும் அம்மாவின் குரல் பதிவு வந்திருந்தது: "நல்லாத்தான் சொன்ன. ஆனா புளியை இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம்."

அதனால்தான் இங்கே இன்னொரு தடவை சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் பார்ப்போம்.